மேடையில் செத்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி

எங்க நாடக செட்டுல ஒரு பழக்கம் உண்டு. மேடையில செத்தவன், திரை விழுந்த கையோட எந்திச்சு முன்னால வரணும். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ஒரு சொம்பு நிறையத் தண்ணி கொண்டு வந்து குடுப்பார். செத்தவன் அண்ணாந்து ஒரு மடக்குக் குடிப்பான். குடுத்தவர் மிச்சத்தை வாங்கித் தானும் குடிச்சிட்டு, "பொழைச்சுக் கிடப்பா"ன்னு சொல்லணும். அதுக்குப் பிறகுதான் மைக்கை அணைக்கலாம், படுதாவை அவுக்கலாம். இதை யார் ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியாது, நான் அந்த செட்டுக்குள்ள மருமகளா வரும்போதே இருந்துச்சு. நடிச்ச சாவு நடிச்சவன் மேல ஒட்டிக்கிடக் கூடாதாம். எனக்கு அந்த மாதிரி பயமெல்லாம் கிடையாது. ஆனா அழுது மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கிற சனம், அந்த ஒரு மடக்குத் தண்ணியைப் பாத்ததும் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போகும். நாடகம் போட வந்தவனுக்கு அது பெரிய விஷயம்தானே.

அந்தத் தண்ணியை ஒரே ஒரு நாள் குடிக்காம விட்டோம். ஒரு கல்யாணமே நின்னு போகப் பாத்துச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

நான் தென்காசியில தையல்காரி. எங்க வீட்டுக்காரருக்கு மைக் செட் கடை. முன்பக்கம் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் அடுக்கி வச்சிருக்கும், ஓரத்துல என் மிஷின், உள்ள ஆர்மோனியம். கதை, வசனம், பாட்டு எல்லாம் அவர்தான். கோயில் கொடைக்குக் கூப்பிட்ட ஊருக்குப் போவோம். சீசன்ல குத்தாலத்துக்கு வர்ற சனத்துக்குச் சாயங்காலம் நாடகம் போடுவோம். பொம்பளை வேஷத்துக்கு மதுரையில இருந்து ஆள் கூட்டிட்டு வருவாங்க, அவ வர்ற வரைக்கும் இவங்க ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு நாள் அவ வரவே இல்ல. எனக்கு எல்லா வசனமும் மனப்பாடம், பொடவையும் நான் தைச்ச ஜாக்கெட்டும் என் மேலேயே கிடக்கு, ஏறிட்டேன். அதோட மதுரைக்கு ஆள் அனுப்புற சோலி முடிஞ்சுது. ஊரு பேசுச்சு. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் தையலும் பிரியாது, என் வசனமும் மறக்காது, எனக்கு அது போதும்.

எண்பதுகளோட கடைசி அது. எய்ட்ஸ்ங்கிற பேரு அப்பத்தான் பேப்பர்ல அடிபட ஆரம்பிச்சிருந்துச்சு. எங்க பக்கம் அதுக்குப் பேரு "புது வியாதி". பேரைச் சொன்னாலே வந்துரும்ங்கிற மாதிரி மெதுவாச் சொல்லுவாங்க. ஆனி மாசச் சாரல்ல, சேலை முந்தானை சொட்டச் சொட்ட ஒரு டாக்டரம்மா நெல்வேலியில இருந்து கடைக்கு வந்தாங்க. லாரி நிக்கிற இடம், மார்க்கெட்டு, லாட்ஜு வாசல்னு போய் நோட்டீஸ் குடுத்துப் பாத்திருக்காங்க.

"குடுத்த நோட்டீஸ்ல கடலை மடிச்சுத் திங்காங்கம்மா. அதான் உங்ககிட்ட வந்தேன். நாடகமாப் போட்டா பாப்பாங்கள்ல?" அப்படின்னாங்க.

அவங்களே ஒரு நாடகம் எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க. அதுல டாக்டர்னு ஒருத்தர் வந்து பேசுதார், பேசுதார், பேசிக்கிட்டே இருக்கார். எங்க வீட்டுக்காரர் மரியாதையாப் படிச்சுப் பாத்துட்டு, "டாக்டரம்மா, இதைப் போட்டா பாக்கதுக்கு நாங்களே இருக்க மாட்டோம்"னார். அவங்க கோவப்படல, சிரிச்சிட்டாங்க. "அப்ப நீங்க எழுதுங்க. உண்மை மட்டும் மாறக் கூடாது"ன்னு சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் விளக்கினாங்க. எங்க வீட்டுக்காரர் கூச்சத்துல ஆர்மோனியத்தைத் தொடைக்க ஆரம்பிச்சிட்டார். நான்தான் ஒண்ணு விடாமக் கேட்டேன். படுக்கையில வரும், கெட்ட ரத்தம் ஏத்தினா வரும், கழுவாத ஊசியில வரும், தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். தொட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. எச்சில் டம்ளர்ல குடிச்சாலும் வராது. உறை போட்டுக்கிட்டா படுக்கையிலயும் தப்பிக்கலாம்.

கதை தயாராச்சு. ஒரு லாரி டிரைவர், வெளியூர்ல கெட்ட சகவாசம், வீட்டுல அருமையான பொண்டாட்டி. நான்தான் பொண்டாட்டி. உறை விஷயத்தை மேடையில எப்படிச் சொல்லதுன்னுதான் முட்டிக்கிட்டு நின்னோம். கடைசியில குடையை வச்சுச் சொல்லிட்டோம். புருஷன் வண்டி எடுக்கப் போவான், நான் குடையை எடுத்து நீட்டி, "ஏங்க, சாரல் காலத்துல குடை இல்லாமலா போறது?"ன்னு கேப்பேன். அவன் விளங்காம முழிப்பான். அப்புறம் நான் விளங்க வைப்பேன். டாக்டரம்மா ஒத்திகையில பாத்துட்டு சிரிப்பா சிரிச்சாங்க.

டிரைவர் வேஷம் கட்டினவன் நிஜத்துலயும் டிரைவர்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளியும் கத்தரிக்காயும் ஏத்திக்கிட்டு, ஆரியங்காவு வழியா புனலூருக்கு டெம்போ ஓட்டுவான். என்னை அக்கா அக்காம்பான். எங்க செட்டுலயே கெட்டிக்காரன் அவன்தான், அது அவனுக்கும் தெரியும், அதுதான் தொல்லை. அந்த வேஷத்துக்காக ஒரு வேளைச் சோத்தை விட்டான், தாடி வளத்தான், கன்னம் ஒட்டிப் போச்சு. இத்தனைக்கும் ஆவணியில அவனுக்குக் கல்யாணம். சுந்தரபாண்டியபுரத்துப் பொண்ணு.

"ஏலே கோட்டிக்காரப் பயலே, மாப்பிள்ளை மாதிரியா இருக்க? மணவறையில பொண்ணு உன்னைத் தேடப் போறா பாரு"ன்னு வஞ்சேன்.

"கல்யாணத்துக்கு நாள் கிடக்கு அக்கா, நாடகத்துக்குத்தான் நாள் இல்ல"ன்னான்.

பொண்ணையும் எனக்கு நல்லாத் தெரியும். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க எங்கிட்டதான் வந்தா. அளவு எடுக்கும்போது பொண்ணுங்க கூச்சத்துல சுருங்குவாங்க, இவ நிமிந்து நின்னு கேள்வி கேட்டா. நாங்க போடப் போற நாடகத்தைப் பத்தித்தான் எல்லாக் கேள்வியும். "ஒரே டம்ளர்ல குடிச்சாக் கூட ஒட்டாதா அக்கா? நிஜமாவா?" ஒட்டாதுட்டி, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னேன். சரின்னு தலையாட்டினா. அந்த நேரம் பாத்து அவன் வசனக் காகிதம் வாங்க வந்தான். இவ அவனைப் பாத்து, எனக்கு முன்னாலயே, "புனலூர்ல சரக்கை இறக்கிட்டு எங்கன படுப்பீங்க?"ன்னா.

"வண்டிக்குள்ளதான்."

"வண்டிக்குள்ள மட்டுந்தானா?"

அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. "எங்கம்மா சத்தியமா வண்டிக்குள்ள மட்டுந்தான்"னான். இவ அதுக்கும் சரின்னு தலையாட்டிட்டு, "கை நீளம் முழங்கை வரைக்கும் வைங்க அக்கா"ன்னு என் பக்கம் திரும்பிட்டா. எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஊர் ஊராப் போகுததுக்கு முன்னால டாக்டரம்மா எங்களை ரேடியோவுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அது வேற உலகம். வேஷம் இல்ல, படுதா இல்ல, கண்ணாடி அறைக்குள்ள மைக் முன்னால நின்னு சாகணும். எங்க வீட்டுக்காரர் ஒரு தகர டப்பாவையும் ரெண்டு சிரட்டையையும் வச்சு லாரியே ஓட்டிட்டார். உறைன்னு ரேடியோவுல சொல்ல முடியாதுன்னாங்க, குடையும் வேண்டாம்னாங்க, அதனால "பாதுகாப்பா இருங்க"ன்னு மொட்டையாச் சொல்லிட்டு வந்தோம். நாடகம் முடிஞ்ச உடனே டாக்டரம்மா விளக்கம் சொல்லுத மாதிரி ஏற்பாடு. இது பின்னால ஒரு நாள் ஒலிபரப்பாகும்னு சொல்லி அனுப்பினாங்க.

மேடையில மொத ஆட்டம் பாவூர்சத்திரத்துல. மார்க்கெட்டு ஓஞ்ச பிறகு, கோஸ் இலையும் வெங்காயச் சருகும் கூட்டித் தள்ளிட்டு, ரெண்டு டெம்போவைப் பின்பக்கம் சேத்து நிறுத்தி அதையே மேடை ஆக்கினோம். கடைசி பஸ்ஸுக்குப் போறவங்க போகணும்னு வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சாச்சு. சுமை தூக்குறவங்க, யாவாரிங்க, ஆலங்குளம் பக்கத்து வயக்காட்டுல வெளைஞ்சதைக் கொண்டு வந்த சம்சாரிங்க, நல்ல கூட்டம். நான் குடையை நீட்டிக் கேட்டேனோ இல்லையோ, சாக்குமூட்டை மேல உக்காந்திருந்த ஒருத்தன், "நனையத்தானே மைனி குத்தாலமே போறோம்!"னு கத்தினான். மார்க்கெட்டே சிரிச்சுது.

விடுவேனா? "நல்லா நனை ராசா. நனைஞ்சிட்டு வந்து வீட்டுல இருக்கிறவளுக்கும் சளியைக் குடுக்கியே, அதைத்தான் கேக்குதேன்"னேன். பொம்பளைங்க பக்கம் ஒரே கைதட்டல்.

ஆனா சாவுக் காட்சி வந்ததும் சிரிப்பெல்லாம் போச்சு. அவன் நடிச்சான் பாருங்க, நான் எத்தனையோ பேர் கூட நடிச்சிருக்கேன், அப்படி ஒரு நடிப்பு பாத்ததில்ல. இருமல் அடிவயித்துல இருந்து வருது. சொந்தக்காரங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுத மாதிரி காட்சி. நான் மடியில போட்டு ஒப்பாரி வைக்கேன். கீழ பொம்பளைங்க என்னையும் மிஞ்சி அழுதாங்க. திரை விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் சொம்புக்கு ஏற்பாடு பண்ண எந்திச்சார்.

செத்தவன் படுத்தபடியே அவர் கையைப் பிடிச்சு இழுத்தான். "அண்ணாச்சி, இன்னிக்குத் தண்ணி வேண்டாம். சனம் எப்படி அழுது பாத்தீங்களா? நான் எந்திச்சுப் போய் பல்லைக் காட்டினா எல்லாம் போயிரும். அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகட்டும், அப்பத்தான் மனசுல நிக்கும்."

"பழக்கத்தை விடக் கூடாதுலே"ன்னேன்.

"பழக்கம் ராஜா ராணி கதைக்கு அக்கா. இது புதுக் கதை."

அவனுக்குத் தலைக்குள்ள அந்த அழுகைச் சத்தம் ஏறிருச்சு. எங்க வீட்டுக்காரரும் சரின்னு உக்காந்துட்டார். கூட்டம் கண்ணைத் தொடைச்சிக்கிட்டே கலைஞ்சுது. இவன் படுதாவுக்குப் பின்னால இருந்து பாத்துப் பூரிச்சுப் போனான். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டது அவனுக்கு அப்பத் தெரியல.

ரெண்டு மூணு நாள்லயே ஆரம்பிச்சுது. மார்க்கெட்டு டீக்கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், இவனுக்கு மட்டும் ஒரு தகர டம்ளர். விளையாடுதாங்கன்னு நினைச்சிருக்கான். மறுநாளும் அதே டம்ளர், தனியா ஒரு ஆணியில தொங்குது. அடுத்தாப்புல இவன் வண்டிக்குச் சரக்கு ஏத்த ஆள் வரல. ஏத்தினா இவன் தொட்ட கயித்தைத் தொடணுமாம். "நோய் இல்லாதவனுக்கு அப்படி நடிக்க வராதுடே. கேரளாவுக்கு வேற ஓட்டுதான்"னு ஒருத்தன். "ஆளே ஓடாத் தேஞ்சு போயிட்டான், பாக்கலியா?"ன்னு இன்னொருத்தன். இவன் சோத்தை விட்டு மெலிஞ்சதும் தாடி வளத்ததும் சாட்சி சொல்ல வந்துருச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் ரேடியோவுல நாடகம் வந்துச்சு. டீக்கடை ரேடியோவை ஊரே கேக்க வச்சிருக்கார் கடைக்காரர். இவனும் தகர டம்ளரோட ஓரமா நிக்கான். உள்ள இவன் குரலு இருமுது, மூச்சு வாங்குது, "என்னை விட்டுப் போயிராதீங்க"ன்னு கெஞ்சுது. வெளிய அத்தனை பேரும் இவனையே பாக்காங்க. ரேடியோவுல செத்தவன் எப்படி எந்திச்சுத் தண்ணி குடிக்கது? நாடகம் முடிஞ்சதும் டாக்டரம்மா விளக்கம் வரணும்லா. அதுக்குள்ள கடைக்காரர் பாட்டுக் கேக்கணும்னு ஸ்டேசனைத் திருப்பிட்டார். எரியுத கொள்ளியில எண்ணெயை ஊத்துன மாதிரி ஆச்சு.

அவன் நேரா எங்க கடைக்கு வந்து, மைக் குழாய்களுக்கு நடுவுல உக்காந்து அழுதான். மேடையில அழுத அழுகை இல்ல அது, சத்தமே இல்ல. அந்த டீக்கடையைப் போய்ப் பிரிச்சு மேஞ்சிருப்பேன், எங்க வீட்டுக்காரர்தான் பிடிச்சு நிறுத்தினார்.

மறுநாள் பொண்ணோட அப்பா வந்தார். சுந்தரபாண்டியபுரத்துல நெல்லும் சூரியகாந்தியும் போடுத சம்சாரி, ஊருல நல்ல மரியாதை. வந்தவர் உக்காரல. தோள் துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சார், மறுபடியும் போட்டார், மறுபடியும் எடுத்தார்.

"தாயி, அந்த ஜாக்கெட்டைத் தைக்க வேண்டாம். நிறுத்தி வை."

எனக்கு விளங்கிருச்சு. ஆனாலும் மிஷின்ல இருந்து காலை எடுக்காம, "ஏன் அண்ணாச்சி?"ன்னேன்.

"ஊரு பேசுதே. நான் ஒத்தைப் பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவன். அவன் ரத்தத்தைச் சோதிச்சு இல்லேன்னு காகிதம் வாங்கிட்டு வரட்டும், அப்புறம் பாப்போம்."

"அன்னிக்குப் பாவூர்சத்திரத்துல நீங்களும் நாடகம் பாத்தீங்கள்லா?"

"பாத்தேன். அழுதேன்."

"நானும் அதே நாடகத்துல அவன் பொண்டாட்டி. அப்ப எனக்கும் இருக்கும்லா? எனக்கு மட்டும் டீக்கடையில கண்ணாடி கிளாஸ்ல குடுக்காங்களே, அது எப்படி?"

மறுபடியும் துண்டு அவர் கைக்கு வந்துச்சு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல, பெத்த பயம். ஒருத்தன் எங்கன போறான் வாறான்னு கேக்க அவருக்கு உரிமை உண்டு. "கேளுங்க அண்ணாச்சி, அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரா என்ன வேணும்னாலும் கேளுங்க. உங்க மகளே கேட்டாச்சு. ஆனா நடிச்ச நடிப்புக்காகக் காகிதம் கேக்காதீங்க"ன்னேன். அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "ஜாக்கெட்டு இப்போதைக்கு வேண்டாம் தாயி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். வெட்டின துணி என் மடியிலயே கிடந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் டாக்டரம்மா, நாங்க ரெண்டு பேரு, அவன், நாலு பேரும் உக்காந்தோம். எங்க வீட்டுக்காரர், "சோதிச்சிருவோம்டே, ஒரு காகிதத்துல முடிஞ்சிரும்"னார். டாக்டரம்மா, சோதிக்கணும்னா மதுரையோ மெட்ராஸோ ஏற்பாடு பண்ணுதேன், ஆனா அது அவரா விரும்பணும்னாங்க. அவன் வேண்டாம்னு தலையை ஆட்டினான்.

"எனக்கு இல்லேன்னு காகிதம் காமிச்சா எனக்கு டீ கிடைக்கும். இருக்குதவனுக்கு?"ன்னான். "நாளைக்கு மார்க்கெட்டுல நிஜமாவே ஒருத்தனுக்கு வருதுன்னு வைங்க. அந்தத் தகர டம்ளர் ஆணியிலதான் தொங்குது அக்கா. நான்தான் நடிச்சு நடிச்சு மாட்டி வச்சிருக்கேன்."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவனுக்கு என்ன வேணும்னாலும் செய்யலாம்னு எனக்குத் தோணுச்சு. அடுத்த ஆட்டம் சுந்தரபாண்டியபுரத்துல. முன்னாலயே பேசி வச்சது. அந்த ஊருக்கு மட்டும் வேஷத்தை வேற ஆளுக்குக் குடுப்போமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார்.

"கொன்னு போடுவேன்"னேன். "அங்கனதான் இவன் சாகணும். அங்கனதான் எந்திக்கணும்."

கதையில ஒரு காட்சியை மட்டும் மாத்தினோம். சொந்தக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுத காட்சியைத் தூக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் வந்து நோயாளி தட்டுலயே கையைப் போட்டுச் சாப்பிடுத மாதிரி வச்சோம். சாவு அப்படியே இருக்கட்டும்னான் அவன். மருந்து இல்லாத வியாதிக்குப் பொய்யாப் பொழைச்ச மாதிரி காட்ட டாக்டரம்மாவும் சம்மதிக்கல.

ஆடிக் காத்து பிச்சுக்கிட்டு அடிக்கி அன்னிக்கு. படுதாவை நாலு பேரு பிடிச்சிக்கிட்டு நின்னாங்க. இன்னும் பொழுது அடையல. ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டியிருந்துச்சு. மொத வரிசையில பொண்ணோட அப்பா. பொம்பளைங்க பக்கம் அவ, கண்ணை எடுக்காம மேடையவே பாத்துக்கிட்டு. வதந்தி எங்களுக்கு முன்னாலயே வந்து இடம் பிடிச்சு உக்காந்திருந்துச்சு. அவன் மேடைக்கு வந்ததும் ஒரு முணுமுணுப்பு. குடை வசனத்துக்கு ஒரு ஆளு சிரிக்கல. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு, ஆத்திரத்துல நான் நல்லா நடிப்பேன். சாவு வரும்போது கொஞ்சம் கொஞ்சமா இளகினாங்க. மூக்குறிஞ்சுத சத்தம் கேட்டுச்சு. அவன் என் மடியில செத்தான். திரை விழுந்துச்சு.

அவன் எந்திச்சு முன்னால வந்து நின்னான். எங்க வீட்டுக்காரர் மைக்ல, "வழக்கப்படி ஊர்ப் பெரியவங்க ஒருத்தர் ஒரு சொம்புத் தண்ணி குடுக்கணும்னு கேட்டுக்கிடுதோம்"னார்.

யாரும் அசையல. குடுத்தவரு மிச்சத்தைக் குடிக்கணும்லா. எங்க பழக்கம் இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். டாக்டரம்மா எந்திக்கப் பாத்தாங்க, நான் கண்ணாலயே உக்கார வச்சேன். அவங்க குடிச்சா டாக்டர் மருந்து போட்டுக் குடிச்சாம்பாங்க. நான் குடிச்சா வேஷக்காரி குடிச்சாம்பாங்க. அவன் அங்கனயே நிக்கான், கை ரெண்டும் தொங்குது, காத்துல வேட்டி படபடக்குது. அவ்வளவு பெரிய நடிகனுக்குக் கையை எங்க வைக்கன்னு தெரியல.

எனக்குப் பொறுக்கல. மைக்கைப் பிடுங்கினேன். "ஏன் மக்கா, அழுகைக்கு மட்டும்தான் வந்தீங்களா? செத்தவனுக்கு அழத் தெரியுது, எந்திச்சவனுக்குத் தண்ணி குடுக்கத் தெரியலையா? இவனுக்கு அந்த வியாதி இல்ல. இருந்தாலும் இந்தச் சொம்புல ஒட்டாது. ஊருக்கு வந்தவன் தண்ணி கேட்டு நிக்கான், சுந்தரபாண்டியபுரத்துல தண்ணி இல்லேன்னு நான் தென்காசியில போய்ச் சொல்லட்டுமா?"

அது சுருக்குன்னு தைச்சிருக்கும். பொண்ணோட அப்பா எந்திச்சார். பக்கத்து வீட்டுல இருந்து சொம்பை வாங்கினார், நிறைச்சார், படி ஏறி வந்து, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிக் குடுத்தார்.

அவன் சொம்பை வாங்கினான். நம்ம பக்கத்துல யாரும் சொம்புல வாய் வச்சுக் குடிக்க மாட்டோம், அண்ணாந்துதான் ஊத்திக்கிடுவோம். எங்க செட்டுலயும் அப்படித்தான். அவன் அண்ணாக்கல. சொம்போட விளிம்பை வாயில வச்சு, எல்லாரும் பாக்க, ரெண்டு மடக்குக் குடிச்சான். நான் அவனுக்கு இதைச் சொல்லிக் குடுக்கல. தாடியில தண்ணி வடிய, சொம்பைத் திருப்பி அவர்கிட்ட நீட்டினான்.

கூட்டத்துல "ஏ யாத்தே"ன்னு ஒரு சத்தம். அவர் வாங்கிட்டார். வாங்கினவர் அப்படியே நிக்கார். சொம்பு சாஞ்சு தண்ணி அவர் கால்ல விழுது. குடிக்கவும் முடியல, கீழ வைக்கவும் முடியல. அவரைப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. அவர் அதைக் கீழ ஊத்திட்டார்னா கல்யாணம் போச்சு, டெம்போ போச்சு, எங்க நாடகமும் போச்சு.

பொம்பளைங்க பக்கம் ஒரு சலசலப்பு. அவ கயித்தைத் தூக்கிக் குனிஞ்சு வந்தா. "ஏட்டி, எங்கட்டி போற"ன்னு அவ அம்மா முந்தானையைப் பிடிச்சா, அது கையில நிக்கல. நிதானமாப் படி ஏறினா. அவனை ஏறிட்டும் பாக்கல. அப்பா கையில இருந்து சொம்பை வாங்கினா, அவன் வாய் வச்ச பக்கத்தைத் திருப்பிப் பாத்தா, அங்கனயே வாய் வச்சுக் குடிச்சா. அவசரமே இல்ல, வயக்காட்டுல வேலை பாத்துட்டு வந்தவ குடிக்க மாதிரி. முந்தானையால வாயைத் தொடைச்சிட்டு அப்பாகிட்ட நீட்டினா.

"இன்னும் ஒரு வாய் இருக்குப்பா. குடுத்தவங்கதான் குடிக்கணும்."

அவர் மகளைப் பாத்தார். அவனைப் பாத்தார். அப்புறம் சொம்பைக் கவுத்து ஒரே மூச்சுல குடிச்சார். வெறும் சொம்போட நின்னு, "பொழைச்சுக் கிடப்பா"ன்னார். அவன் அவர் கால்ல விழப் போனான், அவர் பிடிச்சு நிமித்தி அந்தத் தாடியத் தடவிக் குடுத்தார். கீழ சாக்கைப் போட்டு உக்காந்திருந்த கிழவர் ஒருத்தர், "இன்னொரு சொம்பு கொண்டாங்கடே, எனக்கும் தாகமா இருக்கு"ன்னார். சிரிப்பு அங்க இருந்துதான் கிளம்புச்சு, ஊரே சிரிச்சுது, அழுதுக்கிட்டே சிரிச்சுது. நானும்தான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிக்கிட்டு இருந்தாங்க.

அவர் இறங்கப் போனவர் திரும்பி என்கிட்ட வந்தார். மைக் இன்னும் அணைக்கல, அவர் ரகசியமாக் கேட்டது ஊருக்கே கேட்டுது.

"தாயி, அந்த ஜாக்கெட்டை இனிமே தைச்சா ஆவணிக்குள்ள முடிஞ்சிருமா?"

"அது நீங்க நிறுத்தச் சொன்ன அன்னிக்கே தைச்சு முடிச்சாச்சு அண்ணாச்சி. வந்து வாங்கிட்டுப் போங்க"ன்னேன்.